பெட்டியில் இருக்கும் பதினொரு சதுரங்கள்: தனிமைக் காலத்தை ஒன்றாகத் தைப்பது எப்படி?

நூல்கண்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தையலும் வடிவமைப்பும் அறிந்தவர்கள் இங்கே பலர் இருப்பதால், சில ஆண்டுகளாக என் அலமாரியில் மூடியபடியே இருக்கும் ஒரு பெட்டியைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன். சற்று நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அதன்பின் அவரவர் வீட்டுக்குள் அடைபட்ட நாங்கள் பதினான்கு பேர், அந்த ஆண்டு ஜூன் மாதம் தொலைபேசியில் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். ஆளுக்கு ஒன்பது அங்குலச் சதுரம். வீட்டில் இருக்கும் துணி, வீட்டில் இருக்கும் நூல். அடைபட்ட நாட்களில் மனத்தில் தங்கிவிட்ட ஏதேனும் ஒன்றை அதில் தைத்து எனக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும். நான் எல்லாவற்றையும் இணைத்து ஒரே போர்வையாக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. பதினொன்று வந்து சேர்ந்தன. மூன்று வரவில்லை. வராதவற்றுக்காகக் காத்திருந்ததில், வந்தவற்றையும் நான் இணைக்காமலே விட்டுவிட்டேன்.

சென்ற வாரம் பதினொன்றையும் தரையில் விரித்தேன். ஒன்றில், சன்னல் வழியே அறைக்குள் விழுந்த வெயில் மணிக்கு மணி நகர்ந்த இடமெல்லாம் மஞ்சள் நூலால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டங்களாகத் தைக்கப்பட்டிருக்கிறது. காலை ஏழு மணிக் கட்டம் நீண்டு துணியின் எதிர் விளிம்பு வரை போகிறது. பதினொரு மணிக் கட்டம் ஒரு விரல் அகலம்தான். இன்னொன்று துணியே அல்ல, குரோஷே பின்னல். அன்றன்றைய வெப்பநிலைக்கு ஒரு நிறம் என்று நாளுக்கு ஒரு வரிசை பின்னுகிற வழக்கம் பலருக்கும் தெரிந்திருக்கும். இவர் வெப்பநிலைக்குப் பதிலாக, அன்று தம்முடன் நேரில் பேசியவர்களின் எண்ணிக்கையை வைத்துக்கொண்டார். ஒருவரும் இல்லையென்றால் சாம்பல் நிறம், ஒருவர் என்றால் நீலம், அதற்கு மேல் என்றால் சிவப்பு. முப்பத்தாறு வரிசைகளில் முப்பத்திரண்டு சாம்பல்.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அது வெறும் வெள்ளைத் துணி. முதலில் மறந்துபோய் அனுப்பிவிட்டார் என்றே நினைத்தேன். வெளிச்சத்துக்கு அருகே கொண்டுபோனபோதுதான் துணி முழுவதும் ஊசித் துளைகள் இருப்பதைக் கண்டேன். உறைக்குள் ஒரு வரி இருந்தது: “மூன்று முறை தைத்தேன், மூன்று முறையும் பிரித்துவிட்டேன். இதையே என் பங்காக வைத்துக்கொள்ளுங்கள்.”

என் கேள்விகள் இவைதான். துணி வகைகள் வெவ்வேறு, அளவும் ஒன்றுபோல் இல்லை. எல்லாவற்றையும் வெட்டி ஒரே அளவாக்கிவிடலாமா? வராத மூன்று இடங்களை என்ன செய்வது? இவ்வளவு அந்தரங்கமான பதினொரு துண்டுகளை ஒன்றாக்கினால், எங்களைத் தவிர வேறு யாருக்காவது அது எதையாவது சொல்லுமா?

ஊடும்பாவும் எழுதியது:

வெட்டாதீர்கள், அம்மா. இதை முதலில் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

அளவு ஒத்துவராத துண்டுகளை இணைக்கும்போது, இருப்பதிலேயே சிறியதன் அளவுக்கு மற்றவற்றை வெட்டுவதுதான் எளிய வழி. ஆனால் கையால் தைத்தவர்கள் பெரும்பாலும் விளிம்பு வரை தைத்திருப்பார்கள். அங்கே கத்தரி வைத்தால் முடிச்சுகள் அறுந்து, உள்ளே இருக்கும் தையலும் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும். அதற்குப் பதிலாக, ஏற்கெனவே நனைத்து உலர்த்திய கெட்டிப் பருத்தித் துணியில் பதினோரங்குலச் சதுரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். வந்த ஒவ்வொரு துண்டையும் அதன் நடுவில் வைத்து, சுற்றிலும் கையால் ஓட்டுத்தையல் போட்டுப் பொருத்துங்கள். பிறகு ஒரு சதுரத்தை இன்னொன்றோடு இணைக்கும்போது, தையலுக்கு விடும் கால் அங்குலம் அடித்துணியிலிருந்தே போகும்; அவர்கள் அனுப்பிய துணியை யாரும் தொட வேண்டியதில்லை. ஒன்று எட்டரை அங்குலம், இன்னொன்று ஒன்பதேகால் என்று இருந்தால் அப்படியே இருக்கட்டும்.

குரோஷே தன் எடையாலேயே கீழ்நோக்கி இழுபடும். அதை நான்கு விளிம்பில் மட்டும் பிடிக்காமல், ஆறு வரிசைக்கு ஒரு முறை கண்ணுக்குத் தெரியாத சிறு தையலால் அடித்துணியோடு பிடித்துவிடுங்கள். எதையும் இப்போது சலவை செய்யக் கூடாது. பருத்தி சுருங்கும், செயற்கை இழை சுருங்காது; இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று இருந்தால் துணி கொப்பளம்போல் எழும்பும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடுகிறவையா என்று தெரிய வேண்டுமானால், வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, பின்பக்கத்து நூல்மேல் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள்.

அந்த வெள்ளைச் சதுரத்தைப் பற்றித் தனியாக ஒரு எச்சரிக்கை. பருத்தியில் விழுந்த ஊசித் துளை நிலையானது அன்று. தண்ணீர் பட்டாலோ நீராவி இஸ்திரி பட்டாலோ இழைகள் பழையபடி நெருங்கித் துளை மூடிக்கொள்ளும். தையல்காரர்கள் பிரித்துத் தைத்த இடத்தை மறைக்கச் செய்வதே அதுதான். ஆகவே சுருக்கம் எடுக்கிறேன் என்று அதன்மேல் சூடு வைத்துவிட்டால் அவர் அனுப்பியது இல்லாமல் போய்விடும். அடித்துணியின் நிறமும் முக்கியம்: வெள்ளை வைத்தால் துளைகள் கண்ணுக்குத் தெரியாது, கருந்துணி வைத்தால் ஒவ்வொன்றும் தெரியும். எது வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், அவரிடமே கேளுங்கள்.

பழம்பேழை எழுதியது:

உங்கள் மூன்றாவது கேள்வியைப் படித்ததும் எனக்குச் சாங்கிப் போர்வைகள் நினைவுக்கு வந்தன. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்தபின், அங்கிருந்த ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஆண்கள் தனியாகப் பிரித்து வைக்கப்பட்டார்கள். கணவர் உயிரோடு இருக்கிறாரா என்பது பல பெண்களுக்குத் தெரியாது. தாங்கள் உயிரோடு இருப்பதை அவர்களுக்குத் தெரிவிக்கவும் வழியில்லை. எதெல் முல்வனி என்ற கனடியப் பெண்மணியின் யோசனையின்படி, பெண்கள் ஆளுக்கு ஒரு சிறு சதுரத் துணியில் தம்மைப் பற்றிய ஏதேனும் ஒன்றைத் தைத்துத் தம் பெயரையும் இட்டார்கள். ஒவ்வொன்றும் அறுபத்தாறு சதுரங்கள் கொண்ட மூன்று போர்வைகள் உருவாயின. காயம்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, ஜப்பானியப் படையினருக்கு ஒவ்வொன்று என்று சொல்லி அவற்றை வெளியே அனுப்பினார்கள். இரண்டு இன்று கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன.

அந்தச் சதுரங்களில் பலவற்றில் இருப்பது பூ. காவலர் கண்ணுக்கு அது பூதான். ஆனால் அதன் அடியில் தைத்த பெயரைத் தேடும் ஒருவருக்கு, அவர் மனைவி இந்தத் தேதி வரை இருந்தார், கையில் ஊசி பிடிக்கும் அளவுக்கு நலமாக இருந்தார், தையலை நேராகப் போடும் அளவுக்கு மனம் நிலையாக இருந்தது என்ற மூன்று செய்திகள் கிடைத்தன. எல்லோரும் எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்று அவர்கள் அதைச் செய்யவில்லை.

இணைத்தவர்கள் யாரும் ஒரு பெண்ணின் கோணல் தையலை இன்னொரு பெண்ணின் நேர்த்தியான தையலுக்கு ஒத்துவரச் செய்யவில்லை என்பதையும் கவனியுங்கள். பக்கத்துப் பக்கத்துச் சதுரங்கள் நிறத்தில் மோதுகின்றன, திறமையில் மோதுகின்றன. தனித்தனி ஆட்கள் செய்தது என்பது அந்த மோதலால்தான் தெரிகிறது.

வரைகோல் எழுதியது:

மேலே எழுதிய இருவரிடமும் மரியாதையோடு ஒன்றை மாற்றிச் சொல்ல விரும்புகிறேன். நான் வடிவமைப்பு பயில்கிறேன். முல்வனியின் போர்வைக்கு ஒரு குறிப்பிட்ட வாசகர் இருந்தார். பெயரைத் தேடி வருகிற கணவர். நூல்கண்டு அவர்களின் போர்வைக்கு அப்படி ஒருவர் இல்லை. சுவரில் அது தொங்கும்போது எதிரே நிற்பவருக்குச் சாம்பல் வரிசையின் பொருள் தெரியாது. மஞ்சள் கட்டங்கள் வெயில் என்பது தெரியாது. அழகான துணி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். தைத்தவர்களுக்கு அது நியாயம்தானா?

வடிவமைப்பு ஆய்வில் 1999இல் பில் கேவர், டோனி டன், எலினா பாசென்டி ஆகிய மூவர் அறிமுகப்படுத்திய ஒரு முறை உண்டு. நார்வே, நெதர்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளில் வாழ்ந்த முதியவர்களுக்கு அஞ்சலட்டை, வரைபடம், ஒரு முறை பயன்படுத்தும் கேமரா ஆகியவை அடங்கிய பொதிகளைக் கொடுத்து, தங்கள் நாட்களைத் தாங்களே பதிவு செய்து திருப்பி அனுப்பச் சொன்னார்கள். நேரில் சந்திக்க முடியாத பெருந்தொற்றுக் காலத்தில் இவ்வகைப் பொதி பல ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தது. அதில் நான் கற்றது, கேட்கும் கேள்வியின் கூர்மைதான் வருகிற பதிலின் உயிர் என்பது. “தனிமையைத் தையுங்கள்” என்று சொன்னால் பெரும்பாலும் பூட்டிய கதவுதான் வரும். “நேற்று எத்தனை முறை கதவைத் தொட்டீர்கள், அதைத் தையுங்கள்” என்று சொன்னால் வேறொன்று வரும். உங்களுக்கு வந்தவை நல்ல கேள்வி இல்லாமலேயே நன்றாக வந்திருக்கின்றன என்பது உங்கள் நண்பர்களின் பேறு.

என் யோசனை: கீழ் விளிம்பில் ஒரு பட்டை வைத்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு வரி விளக்கத்தைத் தையுங்கள். எல்லாவற்றையும் சுற்றி ஒரே நிறச் சட்டம் கொடுங்கள். சிதறிய துண்டுகளைக் கண் ஒரே பொருளாகக் காண ஏதேனும் ஒரு பொதுக்கூறு வேண்டும்.

இரவுப்பணி எழுதியது:

நான் செவிலியர். இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

தனிமைக் காலம் என்று எல்லோரும் சொல்லும்போது வீட்டுக்குள் இருந்த தனிமையைத்தான் சொல்கிறார்கள். எங்களுக்கு அந்த மாதங்களில் தனியாக இருக்க ஓர் இடமே இல்லை. ஆனால் முகம் இல்லை. கவச உடைக்குள் போய்விட்டால் யார் யாரென்று தெரியாது என்பதால் நெஞ்சில் மார்க்கர் பேனாவால் பெயரை எழுதிக்கொள்வோம். நோயாளி எங்களில் பார்த்தது கண்களையும் அந்த எழுத்துகளையும் மட்டும்தான். ஒருவர் என்னைப் பதினேழு நாட்கள் பெயர் சொல்லி அழைத்துவிட்டு, தேறி வீட்டுக்குப் போகும் அன்று முகக்கவசம் மட்டும் அணிந்து எதிரே நின்றபோது அடையாளம் காணவில்லை.

நாங்களும் ஒன்று செய்தோம். கைவினை என்று அப்போது யாரும் அதைச் சொல்லவில்லை. உடைமாற்றும் அறையின் கொக்கியில் யாரோ ஒருவர் ஒரு கயிறு கட்டியிருந்தார். பணி முடிந்து போகும்போது ஒவ்வொருவரும் அதில் ஒரு துண்டு நூலைச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போவோம். காலை வெள்ளை, மாலை பச்சை, இரவு கறுப்பு. முடிச்சு யாருடையது என்று எழுதுவதில்லை. சில நாட்களில் ஒரு முடிச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே இடைவெளியே இருக்காது. அன்றைய இரவு எப்படிப் போயிற்று என்பது அதை இறுக்கியிருக்கும் விதத்திலேயே கைக்குத் தெரியும். கயிறு தரையைத் தொட்டதும் மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தொடர்ந்தோம். அது இன்று என்னிடம் இருக்கிறது, ஏழு மீட்டர்.

உங்கள் பதினான்கு பேரில் வெளியே போய் வேலை செய்தவர் யாரேனும் இருந்தார்களா? இல்லையென்றால் குறை சொல்லவில்லை. எல்லாருடைய தனிமை என்று மட்டும் அந்தப் போர்வைக்குப் பெயர் வைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நூல்கண்டு எழுதியது:

இரவுப்பணி அவர்களே, இல்லை. பதினான்கு பேரும் வீட்டுக்குள் இருக்க முடிந்தவர்கள். இதுவரை நான் அப்படி எண்ணிப் பார்த்ததே இல்லை. பெயர் எதுவும் வைக்கப்போவதில்லை.

வராத மூன்றைப் பற்றி நான் முழுதாகச் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். ஒருவர் இடம் மாறிப்போய்த் தொடர்பு விட்டுப்போயிற்று. இன்னொருவர், துணியைக் கையில் எடுத்தாலே மூச்சு அடைக்கிறது, என்னை விட்டுவிடுங்கள் என்றார். மூன்றாமவர் 2021 மே மாதம் நோயில் இறந்துவிட்டார். தைக்கத் தொடங்கினாரா என்று அவர் மகளிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவருக்கு உரிய சதுரத்தை நானே தைத்துவிடலாம் என்று பல இரவுகள் நினைத்திருக்கிறேன். அவருக்குப் பிடித்த நிறம்கூட எனக்குத் தெரியும். செய்யலாமா?

வெள்ளைநூல் எழுதியது:

இறந்தவர்களுக்காக மற்றவர்கள் தைப்பதற்கு ஒரு பெரிய மரபு உண்டு. எய்ட்ஸ் நினைவுப் போர்வை 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனின் தேசியப் புல்வெளியில் முதன்முதலாக விரிக்கப்பட்டபோது அதில் 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஏறத்தாழ ஒரு புதைகுழியின் அளவு. இன்று ஏறக்குறைய ஐம்பதாயிரம் துண்டுகள், ஐம்பது டன்னுக்கும் மேல் எடை. அவற்றை இறந்தவர்களின் தாயும் துணைவரும் நண்பர்களும் தைத்தார்கள். இறந்தவரின் சட்டையை, தொப்பியை, பொம்மையை அதிலேயே வைத்துத் தைத்தவர்களும் உண்டு.

கொரோனாவுக்கும் அப்படிச் செய்யப்பட்டவை இருக்கின்றன. 2021 செப்டம்பரில் அதே புல்வெளியில் சுசான் பிரென்னன் ஃபர்ஸ்டன்பர்க் என்ற கலைஞர் அமெரிக்காவில் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளைக் கொடிகளை நட்டார். வந்தவர்கள் தங்கள் மனிதரின் பெயரைக் கொடியில் எழுதினார்கள். லண்டனில் பாராளுமன்றத்துக்கு எதிரே, தேம்ஸ் கரைச் சுவரில், உறவினரை இழந்தவர்கள் 2021 மார்ச் இறுதியில் கையால் சிவப்பு இதயங்களை வரையத் தொடங்கினார்கள். அரை கிலோமீட்டர் நீளம். முதலில் பயன்படுத்திய மை வெயிலிலும் மழையிலும் வெளுத்துவிட்டதால், தன்னார்வலர்கள் வாரந்தோறும் கூடி, உரம் கூடிய வண்ணத்தால் ஒவ்வொன்றாக மறுபடி தீட்டி வருகிறார்கள். யார் வரைந்த இதயத்தை யார் தீட்டுகிறார்கள் என்பதில் ஒரு கணக்கும் இல்லை. எனக்கு அந்தச் சுவரில் மிகவும் பிடித்தது அந்த வாராந்தர வேலைதான்.

ஆனால் உங்கள் நிலை வேறு. எய்ட்ஸ் போர்வையில் தைத்தவர்கள் “இவரை இழந்த நான்” என்ற இடத்திலிருந்து தைத்தார்கள். உங்கள் போர்வையில் ஒவ்வொருவரும் தம் நாட்களைத் தாமே சொல்கிறார்கள். அவருடைய அடைபட்ட நாட்கள் எப்படி இருந்தன என்பது உங்களுக்குத் தெரியாது. பிடித்த நிறம் தெரிந்தால் போதாது. அவர் மகள் விரும்பினால் தன் பெயரில், தன் சதுரத்தைத் தைக்கலாம். அது பதினைந்தாவது. பதினான்கில் ஒன்று அவருடையதாகவே காலியாக இருக்கட்டும்.

தனியறை எழுதியது:

நான் எழுபத்தொரு நாட்கள் ஓர் அறையில் ஒருவராக இருந்தவன். அப்போது இரண்டு குழுக்கள் என்னை இதுபோன்ற கூட்டு வேலைக்கு அழைத்தன. ஒன்றில் நான் அனுப்பிய படம் மிகவும் இருளாக இருக்கிறது, நம்பிக்கை தருகிற மாதிரி ஏதாவது செய்து அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். அன்போடுதான் கேட்டார்கள். நான் வானவில் ஒன்றை வரைந்து அனுப்பினேன். அது அச்சில் வந்தது. அதை இன்றுவரை என்னால் பார்க்க முடியவில்லை. என் வாழ்வில் நான் சொன்ன பொய்களில் நிறம் கொடுத்துச் சொன்னது அது ஒன்றுதான்.

ஆகையால் வரைகோல் அவர்களின் விளக்கப் பட்டையைப் படித்தபோது எனக்குக் கலக்கமாக இருந்தது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில், மனநலக் காப்பகங்களில் இருந்தவர்களின் படைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் பிரின்ட்ஸ்ஹார்ன் தொகுப்பில், ஆக்னஸ் ரிக்டர் என்ற தையல்காரப் பெண் தைத்த சட்டை ஒன்று இருக்கிறது. 1890களில் மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்தபோது, அங்கே கிடைத்த துணியால் தனக்கென்று ஒரு சட்டை தைத்து, அதன்மேல் உள்ளும் புறமும் வரிவரியாக எழுத்துகளைப் பூத்தையலாக இட்டார். “நான்”, “என்” என்பனபோன்ற சில சொற்கள் பிடிபடுகின்றன. பல வரிகளை இன்றும் யாராலும் படிக்க முடியவில்லை. அணிந்து அணிந்து உடலில் உராய்ந்து தேய்ந்த தையல் அது. படிக்க முடியாத அந்த வரிகளுக்குப் பக்கத்தில் யாரேனும் விளக்கம் தைத்து வைத்தால், அவரை இரண்டாம் முறை அடைத்து வைத்ததாகும்.

துளை மட்டும் உள்ள சதுரத்தை அனுப்பியவருக்கு நான் தெரியாதவன். அவரிடம் பேசினால் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கூட்டாகச் செய்கிற வேலையில் “என்னால் சொல்ல முடியவில்லை” என்பதையும் ஒரு பங்காக அவர் அனுப்பத் துணிந்தார். நீங்களும் திருப்பி அனுப்பாமல் வாங்கி வைத்தீர்கள். 2020இல் என்னிடம் யாராவது அப்படி ஒன்றை வாங்கியிருந்தால் நான் அந்த வானவில்லை வரைந்திருக்க மாட்டேன்.

வரைகோல் எழுதியது:

தனியறை ஐயா, பட்டையை நான் விட்டுவிடுகிறேன். ஒரே நிறச் சட்டத்தையும் விட்டுவிடுகிறேன். பார்ப்பவரை நினைத்தேன், தைத்தவரிடம் கேட்கும் முன்பே பார்ப்பவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆனாலும் பார்ப்பவரைக் கைவிட மனமில்லை. முன்பக்கத்தில் ஒன்றும் வேண்டாம். பின்பக்கத்து உள்துணியில், ஒவ்வொரு சதுரத்துக்கும் நேர் பின்னால் ஒரு சிறு பை வைக்கலாம். சொல்ல விரும்புகிறவர் தம் கையால் எழுதிய தாளை அதில் வைக்கட்டும். விரும்பாதவரின் பை காலியாக இருக்கட்டும். போர்வையை ஒருவர் கையால் தூக்கித் திருப்பினால்தான் படிக்க முடியும்.

இன்னொன்று, நாங்கள் மாணவர்களாகச் செய்த ஒரு முயற்சி. ஒரே துணி ஆறு வீடுகளுக்கு அஞ்சலில் சுற்றி வந்தது. ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடங்குவார். 2020 மார்ச்சில் வெளிவந்த ஓர் ஆய்வு, கிருமி அட்டைப்பெட்டியில் 24 மணி நேரம் வரையும் பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரையும் இருக்கக்கூடும் என்று சொன்னதால், பொதி வந்ததும் மூன்று நாட்கள் யாரும் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். வாசலருகே ஒரு நாற்காலியில் அது உட்கார்ந்திருக்கும். விருந்தாளி வந்து மூன்று நாட்கள் பேசாமல் இருப்பதுபோல இருக்கும். கடைசியில் அந்தத் துணியின் விளிம்பில் ஒவ்வொருவரும் பொதி வந்த தேதியையும் திறந்த தேதியையும் தைத்தோம். படங்களைவிட அந்தத் தேதிகளைத்தான் பார்த்தவர்கள் விரல் வைத்துப் படித்தார்கள். உங்களிடம் வந்த அஞ்சல் உறைகள் இருக்கின்றனவா?

ஊடும்பாவும் எழுதியது:

காலி இடங்களை எப்படிச் செய்வது என்று எழுதிவிடுகிறேன், ஏனென்றால் துணியில் ஓட்டை விடுவது தோன்றுகிற அளவுக்கு எளிதன்று.

பதினான்கு என்றால் இரண்டு வரிசையில் ஏழேழு என்று நீளமாக வரும். நடுவில் உள்ள சதுரத்தை வெறுமனே விட்டால், சுற்றியுள்ளவற்றின் எடை அதன் ஓரங்களை இழுத்து, ஓட்டை கோணலாகித் தொங்கும். அதனால் காலி இடத்தைச் சுற்றி, இரட்டையாக மடித்த இரண்டங்குலப் பட்டையால் சன்னல் போல் சட்டம் கட்டுங்கள். பட்டையைத் துணியின் நேர்வாட்டத்தில் வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் இழுபடும். பிறகு எதிரெதிர் ஓரங்களுக்கு இடையே கெட்டி நூலால் ஏணித்தையல் போட்டு, அரை அங்குலத்துக்கு ஒரு நூல் குறுக்கே ஓடுமாறு செய்யுங்கள். தூரத்திலிருந்து வெற்றிடம், அருகே வந்தால் நூல் பிடித்துக்கொண்டிருப்பது தெரியும். நூலைத் தேன்மெழுகில் ஒரு முறை இழுத்துக்கொண்டால் பிசிறு வராது.

மூன்றையும் ஒரே மாதிரி செய்ய வேண்டுமா என்று யோசியுங்கள். தொடர்பு விட்டுப்போனவர் என்றேனும் அனுப்பலாம். அவருக்கு அடித்துணியை மட்டும் வைத்து, சதுரம் பொருத்த இடம் விட்டுவிடலாம்.

நூல்கண்டு எழுதியது:

உங்கள் அனைவரின் பதிவுகளையும் அச்செடுத்து வைத்துக்கொண்டு இரண்டு வாரங்கள் வேலை செய்தேன். செய்ததை எழுதுகிறேன்.

உறைகள் இருந்தன. அஞ்சல் முத்திரையின் தேதிப்படியே வரிசை வைத்தேன். எது எதோடு அழகாகச் சேர்கிறது என்று பார்க்கவில்லை. அதனால் முப்பத்திரண்டு சாம்பல் வரிசைகளுக்கு ஒட்டியபடியே வெயில் கட்டம் வந்து விழுந்தது. எட்டரை அங்குலத் துண்டு எட்டரை அங்குலமாகவே இருக்கிறது. துணியைத் தொட முடியவில்லை என்றவருக்குத் தொலைபேசியில் பேசினேன். அவருடைய இடத்தில் அடித்துணியும் வேண்டாம், திறந்த சன்னலே வேண்டும் என்றார். இடம் மாறிப்போனவருக்கு அடித்துணி மட்டும் காத்திருக்கிறது.

இறந்த என் தோழியின் மகளிடம் பேசினேன். தைக்கத் தொடங்கியிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. ஊசி குத்தியபடியே இருந்த அந்தத் துணியை மகள் பத்திரமாக வைத்திருக்கிறார். மூன்று அங்குலம் பச்சைச் சங்கிலித் தையல், அவ்வளவுதான். அது என்ன ஆகவிருந்தது என்பது அவருக்கும் தெரியவில்லை. தன் அம்மாவின் கை பட்ட கடைசித் துணி என்பதால் தர மனம் வரவில்லை என்றார். தர வேண்டாம் என்றேன். அந்த மூன்றங்குலத்தின் நீளத்தை மட்டும் ஒரு நூலில் அளந்து அனுப்பினார். அந்த நூல் ஏணித்தையலின் நடுவே ஒரு படியாக இருக்கிறது.

வெள்ளைச் சதுரத்தை அனுப்பியவர் யோசிக்க இரண்டு நாட்கள் கேட்டார். தனியறை அவர்களின் வணக்கத்தைச் சொன்னேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கருந்துணியே வையுங்கள், ஆனால் என் பெயரும் வேண்டாம், பையும் வேண்டாம் என்றார். கருநீலத்தில் அடித்துணி வைத்துச் சூடு காட்டாமல் தைத்துவிட்டேன். துளைகள் தெரிகின்றன. மூன்று முறை தைத்தது ஒரே உருவமா, மூன்று வேறு உருவங்களா என்று கண்டுபிடிக்க நான் முயலவில்லை.

இரவுப்பணி அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஏழு மீட்டர் கயிற்றைக் கேட்கவில்லை. அது உங்கள் அனைவருடையது. போர்வையை எங்கேனும் தொங்கவிடும் நாளில், நீங்களும் உங்களுடன் பணியாற்றியவர்களும் சம்மதித்தால், அதன் பக்கத்தில் தனிக் கொக்கியில் அந்தக் கயிறும் தொங்க வேண்டும் என்று விரும்புகிறேன், போர்வையோடு சேர்த்துத் தைக்காமல்.

ஊடும்பாவும் அவர்களுக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. குரோஷே இருக்கும் பக்கம் மட்டும் கனமாக இருப்பதால், மேலே கோல் செருகித் தொங்கவிட்டபோது இடது பக்கம் விரலளவு இறங்குகிறது. என்ன செய்யலாம்?

இரவுப்பணி எழுதியது:

எங்கள் குழுவில் கேட்டுவிட்டேன். நான்கு பேர் இப்போது வேறு இடங்களில் வேலை செய்கிறார்கள், அவர்களும் சம்மதித்துவிட்டார்கள். கொக்கி மட்டும் எங்கள் உயரத்துக்கு இருக்கட்டும். கை எட்ட வேண்டும்.

ஊடும்பாவும் எழுதியது:

கோல் செருகும் குழாயை மேல் விளிம்பு முழுவதும் ஒரே நீளமாக வைக்காமல், குரோஷே இருக்கும் இடத்துக்கு நேர் மேலே இரட்டைத் துணியாக வையுங்கள். பின்பக்கம் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை ஒரு கெட்டிப் பட்டையை நேர்வாட்டத்தில் தைத்து, எடையை அது தாங்குமாறு செய்யுங்கள். அப்படியும் இறங்கினால் ஒரு மாதம் தொங்கவிட்டு, துணி தன் இடத்தில் அமர்ந்தபின் குழாயைப் பிரித்து மறுபடி தையுங்கள். நேர் வெயில் படாத சுவராகப் பாருங்கள். மஞ்சள் நூல் வெளுத்துவிடக்கூடும்.